மலை தாண்டும் 7 வாட் குரல்!

ஒரே அலைவரிசை கொண்ட மலிவான ரேடியோப் பெட்டியின் கதை

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ந் தேதி.

நெல்லைச் சீமையும், தூத்துக்குடிச் சீமையும் மறக்க முடியாத நாள் அது.

வானம் பொத்துக்கொண்டது போல மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! மாஞ்சோலை மலையிலும் விடாத மழை. மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர் தாமிரபரணியில் சேர்ந்தது. ஆறு கரை புரண்டது.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் 19-ந் தேதி வரை வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கிடந்தார்கள்.

மின்சாரம் இல்லை. பல ஊர்களில் செல்போன் ஊமையானது. கையில் போன் இருந்தது. பேசத்தான் வழி இல்லை.

இப்படிப்பட்ட வேளையில் பேசுவதற்கு ஒரு வழி உண்டு. அதற்குக் கோபுரம் வேண்டாம். எக்ஸ்சேஞ்சு வேண்டாம். மாதக் கட்டணமும் வேண்டாம்.

இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கட்டிய ஒரு கம்பி. ஒரு 12 வோல்ட் பேட்டரி. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. இவ்வளவுதான்!

பொழுதுபோக்கு ரேடியோ

இந்தப் பெட்டிக்கு "டிரான்சீவர்" என்று பெயர். நம் வீட்டு ரேடியோ கேட்க மட்டும்தான் செய்யும். இதுவோ கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும்.

இதை வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு பேசுகிறவர்களுக்கு "ஹாம்" என்று பெயர். இவர்களுக்கு இது தொழில் அல்ல. ஆர்வம்தான். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான ஹாம்கள் இருக்கிறார்கள். பள்ளி மாணவர், டாக்டர், விவசாயி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எல்லாரும் இதில் உண்டு.

மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு ஹாம் என்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆர்வத்துக்கும் நெடுநாள் உறவு. 1924-ம் ஆண்டிலேயே சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னையில் ரேடியோ கிளப் ஒன்று தொடங்கியது. அது அந்த ஆண்டே ஒலிபரப்பும் நடத்தியது. அகில இந்திய வானொலி பிறப்பதற்கு முந்திய கதை இது!

ஆனால் நெடுங்காலமாக ஹாம்களுக்கு ஒரு குறை இருந்து வந்தது.

கருவியின் விலை!

வெளிநாட்டுக் கருவி வாங்க வேண்டும் என்றால் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை தேர்வு எழுதி லைசென்சு வாங்கி விடுவான். கருவி வாங்க முடியாது. லைசென்சு பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

குழாய் வாஷரில் பிறந்த ரேடியோ

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் பர்ஹான். இவர் கம்ப்யூட்டர் மென்பொருள் வல்லுநர். ஹாம்.

2003-ம் ஆண்டில் இவர் ஒரு டிரான்சீவர் அமைத்தார். அதற்குப் "பிட்-எக்ஸ் 20" என்று பெயர் வைத்தார். பெயரில் உள்ள 20 என்பது அது பேசும் 20 மீட்டர் அலையைக் குறிக்கும்.

இதில் என்ன புதுமை?

இதற்கு வேண்டிய சாமான்களை வெளிநாட்டில் இருந்து தருவிக்க வேண்டியது இல்லை. சாதாரண டிரான்சிஸ்டர், சாதாரண கண்டென்சர், கடையில் கிடைக்கும் படிகம். இவையே போதும்.

கம்பிச் சுருள் சுற்றுவதற்கு "டொராய்டு" என்ற வளையம் தேவை. அது எளிதில் கிடைக்காத பொருள். பர்ஹான் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரை எடுத்தார். அதன் மேல் கம்பியைச் சுற்றினார். வேலை முடிந்தது!

டெலிவிஷன் ஏரியலில் இருக்கும் சிறு காந்தக் கட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதுவும் ரேடியோவுக்குள் புகுந்தது.

மொத்தத்தில் சில நூறு ரூபாய்ச் செலவில் பேசும் கருவி கிடைத்தது. அதன் வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் கொடுத்தார் பர்ஹான். அதைப் பார்த்து உலகின் பல நாடுகளில் ஹாம்கள் தங்கள் கையாலேயே கருவி செய்து பேசினார்கள்.

ஒரே பாலம், இரண்டு போக்கு

விலை குறைந்ததற்கு இன்னொரு ரகசியமும் உண்டு.

சாதாரணமாகக் கேட்பதற்கு ஒரு பாதை, பேசுவதற்கு ஒரு பாதை என்று இரண்டு வேண்டும். அதாவது, கிட்டத்தட்ட இரண்டு ரேடியோக்கள் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பிட்-எக்சில் அப்படி இல்லை. ஆற்றின் மேல் ஒரு குறுகிய பாலம் இருக்கிறது. அதில் இந்தப் பக்கத்து பஸ் முதலில் போகிறது. பிறகு அந்தப் பக்கத்து பஸ் வருகிறது. அதற்காக இரண்டு பாலம் கட்டுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கேட்கும்போது குரல் ஒரு திசையில் ஓடுகிறது. பேசும்போது அதே பாதையில் எதிர்த் திசையில் ஓடுகிறது.

பாகங்கள் குறைந்தன. விலையும் குறைந்தது.

பெண்கள் கை பட்ட பெட்டி

எல்லாராலும் சூட்டுக்கோல் பிடித்து ஈயம் பற்றவைக்க முடியுமா? முடியாதவர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்காக 2016-ம் ஆண்டில் "பிட்-எக்ஸ் 40" வந்தது. இது 40 மீட்டர் அலையில் மட்டும் பேசும். பாகங்கள் பொருத்தி, சோதித்த பலகையாகவே இது விற்பனைக்கு வந்தது. வாங்குகிறவர் ஏரியல், பேட்டரி, மைக், ஸ்பீக்கர் இவற்றுக்கான ஒயர்களை இணைத்து, ஒரு பெட்டிக்குள் வைத்தால் போதும்.

சுருள் சுற்றி, பலகைகளை உருவாக்கியவர்கள் ஐதராபாத்தில் கூட்டாக வேலை செய்த பெண்கள். அந்தப் பெண்கள் சுற்றிய சுருள்கள் அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும் பேசின. வெளிநாட்டில் இதன் விலை 59 டாலர்!

பிறகு பல அலைகளில் பேசும் புதிய கருவி 2017-ம் ஆண்டு கடைசியில் வந்தது. பிட்-எக்ஸ் 40 பழைய மாடல் ஆகிவிட்டது. இன்று அது ஒரு ஹாமின் மேஜையில் இருந்து இன்னொரு ஹாமின் மேஜைக்குக் கைமாறுகிற பழைய பெட்டி.

பழைய பெட்டி, பேசுவதும் ஒரே அலையில். அது உதவுமா?

உதவும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

மணிமுத்தாற்று மலையும், வானத்துக் கூரையும்

மணிமுத்தாறு அணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 118 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும் அணை அது. அதன் பின்னால் சுவர் எழுப்பியது போல் மலை நிற்கிறது. மலைப்பாதையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி.

போலீசார் கையில் வைத்திருக்கும் வாக்கி டாக்கியின் அலை நேர்க்கோட்டில் போகும். குறுக்கே மலை வந்தால் நின்றுவிடும். செல்போன் அலையும் அப்படித்தான்.

40 மீட்டர் அலை வேறு விதம். அது மலையோடு மோதுவதில்லை. நேரே வானத்துக்கு ஏறுகிறது.

பூமிக்கு மேலே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. சூரியனின் கதிர் பட்டு, அங்கே உள்ள காற்று மின்சாரத் தன்மை அடைந்திருக்கிறது. 40 மீட்டர் அலை அந்தக் கூரையில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்குகிறது. சுவரில் அடித்த பந்து திரும்புவது போல!

மேலே போய்க் கீழே வருவதால், நடுவில் எத்தனை மலை இருந்தாலும் கவலை இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும்.

மணிமுத்தாற்றில் இருந்து ஸ்ரீவைகுண்டம் நேர்க்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கும் இந்த அலை வானத்துக்குப் போய்த்தான் இறங்குகிறது. வழியில் எந்தக் கோபுரமும் அதற்குத் தேவை இல்லை. வெள்ளம் பாலத்தை உடைக்கலாம். வானத்தை உடைக்க முடியுமா?

இந்தக் கூரையை ஆராய்வதற்கு நெல்லைச் சீமை பேர்போன இடம் என்பது ஒரு வியப்பான செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்த நிலையம், நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

எந்த நேரம்? எவ்வளவு தூரம்?

கூரை ஒரே மாதிரி இருப்பதில்லை. பொழுதுக்குப் பொழுது மாறும். ஒரே அலை கொண்ட பெட்டியை வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அலையை மாற்ற முடியாது. நேரத்தைத்தான் மாற்ற முடியும்.

காலையில் சில நூறு கிலோமீட்டர் தூரம் நன்றாகக் கேட்கும். மதுரை, கோவை, சென்னை, பெங்களூரு, கேரளம் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கும். தென்னாட்டு ஹாம்கள் கூடிப் பேசுவது பெரும்பாலும் காலையில்தான்.

உச்சி வெயிலில் குரல் மெலியும். மாலையில் மறுபடி தெளியும்.

இரவில் அலை வெகுதூரம் ஓடும். அயல்நாட்டார் பேசுவது கேட்கும். ஆனால் பக்கத்து மாவட்டத்தின் குரல் சில சமயம் காணாமல் போகும்.

7 வாட் போதுமா?

இந்தப் பெட்டியின் சக்தி 7 வாட். வீட்டில் எரியும் சிறிய எல்.இ.டி. பல்பின் அளவு.

இதை வைத்துக்கொண்டு எப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பேச முடிகிறது?

சாதாரண ரேடியோ நிலையம் ஒரே பேச்சை இரண்டு பிரதியாக அனுப்புகிறது. அவற்றைச் சுமந்து செல்ல ஓர் அலையையும் அனுப்புகிறது. சக்தியின் பெரும்பகுதி அந்தச் சுமை கூலிக்கே போய்விடும்! இந்தப் பெட்டி ஒரே ஒரு பிரதியை மட்டும் அனுப்புகிறது. சுமை அலையை வெட்டிவிடுகிறது. அதனால் 7 வாட்டும் பேச்சுக்கே பயன்படுகிறது.

விலை உயர்ந்த கருவியின் சக்தி 100 வாட். அது 14 மடங்கு அதிகம்தான். ஆனால் எதிரே கேட்பவருக்கு 14 மடங்கு உரக்கக் கேட்பதில்லை. அவருடைய கருவியில் உள்ள அளவு முள் இரண்டு கோடு கூடுதலாக ஏறும். அவ்வளவுதான்!

அந்த இரண்டு கோட்டை ஈடுகட்ட ஒரு வழி உண்டு. நல்ல ஏரியல்!

கம்பி கட்டுவது எப்படி?

அலையின் நீளம் ஏறக்குறைய 42 மீட்டர். அதில் பாதி நீளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கம்பி வேண்டும். அதாவது 66 அடி.

இதை இரண்டு துண்டாக்க வேண்டும். ஒவ்வொன்றும் 33 அடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அங்கிருந்து ஏரியல் கேபிள் கீழே இறங்கும். கம்பியின் இரு முனைகளிலும் நைலான் கயிறு கட்டி, மரத்தில் இழுத்துக் கட்டிவிடலாம்.

இருபது, முப்பது அடி உயரம் போதும். பக்கத்து மாவட்டங்களோடு பேசுவதற்குத் தாழ்ந்த கம்பியே ஏற்றது. அலை நேர் மேலே ஏறித் திரும்ப அது உதவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மின்சாரக் கம்பி செல்லும் இடத்துக்கு அருகே ஏரியலைக் கட்டவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் கேபிளைப் பெட்டியில் இருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

பெட்டியைக் கையாளும் முறை

பழைய பெட்டியை வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஏரியலை இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியே போக வழி இல்லாத சக்தி உள்ளேயே திரும்பும். பெட்டியின் சக்தியை வெளியே தள்ளுவது ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான். அது கருகிவிடும். நல்ல வேளையாக அதன் விலை குறைவு.

பேட்டரியின் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறக் கூடாது. மாறினால் பெட்டிக்கு ஆபத்து.

முதலில் வந்த பெட்டிகளில் ஒரு குறை உண்டு. சூடு ஏற ஏற அலை மெல்ல நழுவும். கால் மணி நேரம் முன்பே போட்டுவைத்தால் நழுவல் குறையும். பிறகு வந்தவற்றில் எண் காட்டும் சிறு பலகை சேர்ந்தது. நழுவலும் தீர்ந்தது.

திருகைத் திருப்பும்போது வாத்து கத்துவது போல் சத்தம் வரும். பயப்பட வேண்டாம். அதுதான் ஒரு மனிதனின் பேச்சு! இன்னும் மெதுவாகத் திருப்பினால் வாத்து மனிதன் ஆகிவிடும்.

வீட்டில் உள்ள மலிவான எல்.இ.டி. விளக்கும், போன் சார்ஜரும் இந்தப் பெட்டிக்குப் பகையாளிகள். அவற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கும். அவற்றை அணைத்துவிட்டால் அதுவரை கேட்காத குரல் கேட்கும்.

மின்சாரம் நின்ற இரவில்தான் இந்தப் பெட்டி மிக நன்றாகக் கேட்கும் என்பது வேடிக்கையான உண்மை!

கேட்பதற்கு மிகக் குறைந்த மின்சாரமே செலவாகும். பேசும்போதுதான் ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் பேட்டரியே வெகுநேரம் தாங்கும்.

பேச்சு முறை

ஹாம்களுக்கு என்று ஒரு மரியாதை உண்டு.

முதலில் கேட்க வேண்டும். அந்த இடத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கிடக் கூடாது. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, "சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ." என்று மூன்று முறை அழைக்க வேண்டும். "யாராவது கேட்கிறீர்களா?" என்று பொருள்.

பிறகு தன் அடையாளக் குறியைச் சொல்ல வேண்டும். இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் "வி.யு.2" அல்லது "வி.யு.3" என்று தொடங்கும்.

விடை பெறும்போது "73" என்பார்கள். அதற்கு "வாழ்த்துக்கள்" என்று பொருள். 80 வயதுப் பாட்டி பேசினாலும் அவர் "இளம் பெண்"தான். 20 வயதுப் பையனும் "கிழவர்"தான். தந்தி காலத்தில் இருந்து வந்த வழக்கம் இது.

வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. ரகசியமும் பேச முடியாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா?

லைசென்சு அவசியம்

விலை மலிவு என்று நினைத்து யாரும் வாங்கிப் பேசிவிட முடியாது. லைசென்சு இல்லாமல் பேசுவது குற்றம். இப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பதும் குற்றம்.

மத்திய அரசாங்கத்தின் தகவல் தொடர்புத் துறை இதற்குத் தேர்வு நடத்துகிறது. ரேடியோ வேலை செய்யும் முறை, பேச்சு விதிகள் இவைதான் பாடம். 12 வயது நிறைந்த சிறுவரும் எழுதலாம் என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

40 மீட்டர் அலையில் ஹாம்களுக்கு உரிய இடம் 7,000 கிலோ ஹெர்ட்சில் இருந்து 7,200 கிலோ ஹெர்ட்ஸ் வரை. அந்த வேலியைத் தாண்டக் கூடாது.

அந்தமானில் ஒரு பெண்மணி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு 2004-ம் ஆண்டு பதில் சொல்கிறது.

அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமான் சென்றது. போர்ட் பிளேரில் ஏரியல் கட்டி, உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

26-ந் தேதி காலை பூமி குலுங்கியது. சுனாமி வந்தது. தீவுகளின் தொடர்பு அறுந்தது.

விளையாட்டு அந்த நிமிஷமே நின்றது. அதே ஏரியலில் செய்திகள் பறந்தன. "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று தாய்நாட்டில் தவித்தவர்களுக்கு, பாரதி பிரசாத்தும் அவருடைய தோழர்களும் தகவல் சேர்த்தார்கள். குழுவைச் சேர்ந்த சிலர் பலத்த சேதம் அடைந்த கார் நிகோபார் தீவுக்கும் கருவியோடு சென்றார்கள்.

அவர்களுடைய கருவி வேறு. பிட்-எக்ஸ் அல்ல. ஆனால் குரல் சென்ற வழி ஒன்றுதான். வானம்!

அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுனாமி வந்த பிறகு அவர்கள் ரேடியோ கற்கவில்லை. முன்பே கற்றிருந்தார்கள். முன்பே ஏரியல் கட்டியிருந்தார்கள். எந்த நேரத்தில் எங்கே கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்கு ஒருவர்

மலிவான பெட்டியின் அருமை இங்கேதான் இருக்கிறது.

விலை உயர்ந்த கருவி ஒன்று மாவட்டத் தலைநகரில் இருந்தால் அது ஒரு கருவிதான். பேச்சுக்கு இரண்டு முனை வேண்டும். அணைப் பக்கம் ஒருவர், அம்பாசமுத்திரத்தில் ஒருவர், சேரன்மாதேவியில் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர் என்று ஆற்றங்கரை நெடுக ஆள் இருந்தால்தான் மேலே நடப்பது கீழே தெரியும். அப்படி ஊருக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றால் அது மலிவாக இருந்தால்தான் முடியும்.

பெட்டி மட்டும் இருந்தால் போதாது. லைசென்சு பெற்ற ஒருவர் வேண்டும். அவர் தினமும் காலையில் பத்து நிமிஷமாவது பேசிப் பழகியிருக்க வேண்டும். பழகாத கைக்கு வாத்துச் சத்தம்தான் கேட்கும்.

சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்த ஒரு மாணவனும், தேர்வுக்குப் படிக்கத் தயாராக உள்ள ஒரு மாணவியும் எந்த ஊரிலும் இருப்பார்கள். பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால் இதைச் செய்யலாம்.

தாமிரபரணிச் சீமைக்கு வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் ஐப்பசியில் வருகிறது. தேர்வுக்குப் படிக்கவும், 66 அடிக் கம்பி கட்டிப் பேசிப் பழகவும் ஏற்ற காலம் கோடைகாலம்தான்.